இரைச்சலுக்கு அடியில்

அந்த மாடியறைக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. நான்கு சுவரிலும் சத்தத்தை உறிஞ்சும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. வெளியே சுள்ளென்ற வெயில். தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் எல்லாம் அறுந்துபோயிற்று. அவள் எச்சில் விழுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது.

"எங்க அக்கா ரூம்," என்றான் அவளை வரச்சொன்னவன். "கதை படிச்சு ரெக்கார்ட் பண்ணுவா. போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, மண்டையில அடி பட்டு போயிட்டா. மாமா இந்த ரூமைத் திறக்கவே விடல. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி சாவி வாங்கினேன்."

"கம்ப்யூட்டர்ல என்ன சத்தம் வருது?"

"ஒரே இரைச்சல். அதுக்கு அடியில டொம்மு டொம்முனு ஏதோ விழுது. தீயணைக்கிற கருவிய எப்படிப் பிடிக்கணும்னு சொல்ற வீடியோக்கு நான் குரல் கொடுக்கறேன். நடுவுல டொம்முனு கேட்டா கம்பெனிக்காரன் என்னைத்தான் மிதிப்பான்."

அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேசையின் இரு பக்கமும் கறுப்பு ஸ்பீக்கர்கள். ஒலியைக் கூட்டினாள். மழை தகரத்தில் விழுவதுபோல் இரைச்சல் கொட்டியது.

இது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மைக்கை மியூட் செய்தாள். கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி பிளக்கில் போயிருந்த கரண்டை ஒரே பிளக்குக்கு மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் பெட்டியைத் திறந்து, ஃபேனை ஒட்டியிருந்த சவுண்ட் கார்டைக் கழற்றி, தூசி துடைத்து, தள்ளியிருந்த வேறு இடத்தில் செருகி மறுபடி ஓடவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் ஒரு படி இறங்கியது.

இரைச்சல் குறையக் குறைய, அடியிலிருந்தது தெளிந்து வந்தது.

டொப்.

ஒரு மூச்சு.

டொப்.

ஒயரில் வரும் சத்தமில்லை அது. மெத்தென்ற ஏதோ கட்டையில் மோதுகிற சத்தம். ஒவ்வொன்றுக்கும் பிறகு யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். அறையில் ஈர இரும்பின் வாடை கிளம்பியது.

"ஏதாவது ஃபைல் ஓடுதா?" என்று கிசுகிசுத்தாள்.

"எதுவும் ஓடல."

"வேணாங்க," என்றது ஸ்பீக்கர். "முகத்துல வேணாங்க."

அவன் ஸ்பீக்கரை நோக்கி ஓரடி வைத்தான்.

"அக்கா," என்றான்.

அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள். சவுண்ட் கார்டை உருவி எடுத்தாள். உள்ளங்கையில் அது சுட்டது. ஸ்பீக்கர் ஒயர்களையும் பிடுங்கிப் போட்டாள்.

டொப்.

கதவு திறந்தது. அக்காளின் கணவர் நின்றார். துவைத்து மடித்த சட்டை, பணிவான முகம்.

"ரெடி ஆயிடுச்சாம்மா?"

அவருக்கு ஸ்பீக்கர் பதில் சொன்னது. பேசியது அவருடைய குரலிலேயே.

"கத்துறியா? கத்து. இந்த ரூம்ல கத்தினா எவனுக்குடி கேக்கும்?"



"பாத்ரூம்னு சொன்னீங்களே மாமா," என்றான் தம்பி. "இங்கயா?"

மாமா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மூலையிலிருந்த மைக் ஸ்டாண்டைத் தூக்கினார். முழு இரும்பு அது.

முதல் அடி தம்பியின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது அவளுக்குக் கேட்டது. அவன் மடிந்து விழுந்ததும் காலில் அடித்தார், ஆணி அடிக்கிறவர்போல் நிதானமாக. மெக்கானிக் பெட்டியின் தகர மூடியை எடுத்து அவர் முதுகில் ஓங்கி அறைந்தாள். அவர் திரும்பிய வேகத்தில் இரும்பு அவள் இடது காதோடு வந்து விழுந்தது. கழுத்துவழியே ரத்தம் சூடாக இறங்கியது. மண்டியிட்டாள். தலைக்கு மேலே ஸ்டாண்ட் மறுபடி உயர்ந்தது.

டொப்.

அவர் தலை பக்கவாட்டில் வெடுக்கென்று திரும்பியது.

யாரும் அவரைத் தொடவில்லை.

டொப்.

உதடு கிழிந்தது. ஸ்டாண்ட் கைநழுவி விழுந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவருடைய முடி பிடரியில் கொத்தாக எழும்பியது. ஒரு கை பற்றினால் எழும்புமே, அப்படி. தலை பின்னால் இழுபட்டு, மேசை விளிம்பில் போய் மோதியது.

டொப். டொப். டொப்.

ஸ்பீக்கரில் விழுந்த ஒவ்வொரு அடியும் அவர்மேல் விழுந்தது. பற்கள் கீபோர்டில் சிதறின. மூக்கு இருந்த இடம் குழிந்தது.

"வேணாம்மா," என்றார் குழறலாக. "முகத்துல வேணாம்மா."

அடி நிற்கவில்லை. அந்த அறையில் போன வருஷம் எங்கே முடிந்ததோ, அங்கே போய்த்தான் முடிந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவள் மூடவில்லை, மூட முடியவில்லை.

பிறகு பரிபூரண அமைதி. இரைச்சல்கூட இல்லை.

மேசைக்கு அடியிலும் பஞ்சுக்குப் பின்னாலும் பழைய ரத்தத்தைப் போலீஸ் கண்டுபிடித்தது. அடிபட்ட இருவரும் தற்காப்புக்காகத் திருப்பி அடித்ததில் அவர் செத்ததாக எழுதிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரை எடுத்துப்போய்க் குடைந்தார்கள். அதில் ஒன்றுமே இல்லை.

தம்பிக்குக் காலில் தகடு வைத்தார்கள். கட்டிலில் படுத்தபடி மெக்கானிக்கைப் பார்த்து, "அக்கா தானே நம்மளக் காப்பாத்தினா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். வேறென்ன சொல்வது.

கட்டு அவிழ்த்த வாரம் அவளைக் காது சோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார் சோதிக்கும் அம்மா. "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க."

இடது காதில் மெல்ல ஏதோ கேட்டது. அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி.

கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மா புருவத்தைச் சுருக்கினார். எழுந்து உள்ளே வந்தார்.

"நான் இன்னும் ஒண்ணும் போடவே இல்லையேம்மா. இந்த ஹெட்போனைக் குடுங்க, பாப்போம்."

வாங்கித் தன் காதில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரோ ஒரு ஆம்பள அழுறார்," என்றார் மெதுவாக. "அவர யாரோ அடிக்கிறாங்க. நிறுத்தவே மாட்டேங்குறாங்க."