மாட்டி வச்ச குப்பி

ட்ரிங்... ட்ரிங்...

பல் துலக்கியபடியே பாக்கியலக்ஷ்மி ஃபோனை எடுத்தாள்.

"டாக்டர்... குப்பியைக் காணோம்."

லேப் மேனேஜர் வெங்கிடராமனின் குரல். பேஸ்ட் நுரை தொண்டைக்குள் இறங்கியது.

2004. மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகு கோடவுனின் மாடி. அதுதான் லேப். அவளுடைய மூன்று வருட உழைப்பு ஒரே ஒரு குப்பிக்குள் இருந்தது. பகல் பன்னிரண்டுக்கு டெல்லிக் கமிட்டி வருகிறது. உள்ளே இருப்பதை உயிரோடு காட்டாவிட்டால்... லேப்புக்குப் பூட்டு.

ஒன்பது மணி. எஸ்.ஐ. சேவியர், குப்பி இருந்த சூட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தார். காலி.

"களவு போனது என்ன மேடம்? பொன்னா?"

"பாக்டீரியா."

அவர் பேனா நின்றது.

"அது எங்க ஸ்டேஷன் பாத்ரூம்லயே நெறைய உண்டே."

"இது கடல்ல ரெண்டரை கிலோமீட்டர் ஆழத்துல பிடிச்சது சார்." எரிச்சலிலும் அவளால் விளக்காமல் இருக்க முடியவில்லை. "அங்க தரை வெடிச்சு வென்னீர் பீச்சும். முன்னூறு டிகிரி. ஆனாலும் கொதிக்காது. மேல இருக்கற தண்ணியோட அழுத்தம் அப்படி. அந்த ஊத்துக்குப் பக்கத்துல தொண்ணூறு டிகிரில இது குடித்தனம் பண்ணுது. வெயிலே வேண்டாம். கந்தகம்தான் சாப்பாடு."

"வெந்து போகாதா?"

"முட்டைய வேகவச்சா கெட்டியாயிடுதில்ல? அதுல இருக்கற புரதம் உருமாறிடுது. இதோட புரதம் அசையாது. நீங்க அனுப்பற டி.என்.ஏ. டெஸ்ட்ல சாம்பிளைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவாங்க. அதைத் தாங்கி வேலை செய்யறது இந்த மாதிரி ஜந்துவோட புரதம்தான்."

சேவியர் தொப்பியைச் சரிசெய்தார்.

"அப்ப நம்ம டிப்பார்ட்மென்ட் ஆளு."

பாக்கியம் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு துண்டுச் சீட்டு.

'அக்கா, குப்பி மாட்டி வச்சிருக்கு. சந்தனமாரி.'

சந்தனமாரி, லேப் உதவியாளர். மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தமிழ்க் குடும்பம். படித்தது மலையாளப் பள்ளியில். இன்னும் வேலைக்கு வரவில்லை.

தேடினார்கள்.

ஆணி, கொக்கி, கோட்டு, குடை. காலண்டருக்குப் பின்னால்கூட.

இல்லை.

மறுபடியும் முதலிலிருந்து. இல்லவே இல்லை.

"எல்லாம் டிராமா டாக்டர். அவதான் எடுத்திருப்பா." வெங்கிடராமன் வாட்ச்சைப் பார்த்தார். "நான் ஸ்டேட்மென்ட் குடுத்துட்டேன். சென்னைல அம்மாவுக்கு முடியல. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு."

மார்போடு அணைத்தபடி ஒரு பிளாஸ்க்.

"காப்பியா சார்? ஒரு வாய் கிட்டுமா?" என்றார் சேவியர்.

"கொஞ்சம்தான் இருக்கு."

பத்தரை. டாக்ஸி வராமல் வெங்கிடராமன் ஜன்னலோரம் நின்றார். பாக்கியம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேவியர் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்.

"குப்பி... மாட்டி... இதுல என்ன கஷ்டம் மேடம்? மாட்டி வச்சிருக்கா."

"எங்க மாட்டினா? அதைத்தானே சார் தேடறோம்."

"தொங்கவிட்ட மாட்டி இல்ல. எங்க மலையாளத்துல மாட்டின்னா மாத்தி. காதுல கேக்கறத அப்படியே தமிழ்ல எழுதியிருக்கா. குப்பிய மாத்தி வச்சிருக்கா."

பாக்கியம் எழுந்தாள்.

"அப்ப பெட்டிலேர்ந்து போனது..."

"டூப்ளிகேட்."

"அப்ப இதுக்குள்ள இருக்கறது என்ன?"

கேட்டது வெங்கிடராமன். பிளாஸ்க்கைப் பார்த்தபடி.



சேவியர் பிளாஸ்க்கை வாங்கித் திறந்தார். உள்ளே ஒரு குப்பி. கலங்கிய தண்ணீர்.

"கப்பைக் கிழங்கு வேகவச்ச வெள்ளம் சாரே."

சொன்னது வாசலில் நின்ற சந்தனமாரி. ஈரத்துண்டில் பொதிந்த இன்னொரு குப்பி, ஆவி பறக்க.

"மேனேஜர் சார் பிளாஸ்க்ல எத்தனை நேரம் சூடு நிக்கும்னு ரெண்டு நாளா கேட்டுட்டே இருந்தாரு அக்கா. உங்களுக்கு ஃபோன் பண்ணா எக்ஸ்டென்ஷன்ல ஒட்டுக் கேப்பாரு. அதான் சீட்டு. கீழ காளியம்மை சேச்சியோட சாயாக்கடை வென்னீர் சமாவர்ல இறக்கி வச்சேன். இதுவரைக்கும் தெர்மாமீட்டர் வச்சுக் காவல் இருந்தேன். தொண்ணூத்திரெண்டு."

பாக்கியம் சூடான ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

துள்ளின. ஆயிரக்கணக்கில்.

"வெளிநாட்டுக் கம்பெனில வேலை தர்றேன்னாங்க..." வெங்கிடராமன் முனகினார்.

"ரெண்டே ரெண்டு எழுத்துடி சந்தனமாரி." பாக்கியத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "'த்தி'ன்னு எழுதியிருந்தா என் பாதி உயிர் மிஞ்சியிருக்கும்."

"அப்ப 'மாட்டி' தப்பா அக்கா?"

சேவியர் விலங்கைப் பூட்டினார்.

"தப்பே இல்ல மோளே. நீ மலையாளத்துல மாட்டின... சார் தமிழ்ல மாட்டிக்கிட்டாரு."