நெய்தல் கப்பலில் மணி பார்த்த ஒரே மனிதர்

"இந்தக் கப்பல்ல போனா நான் யாரையும் எழுப்ப வேண்டாம். அப்படித்தானே?" என்று கேட்டாள் தேன்மொழி.

"அதுக்குத்தான் உள்மணின்னு ஒண்ணு இருக்கே. அது எல்லாரையும் எழுப்பிடும். நீ கால் நீட்டித் தூங்கு," என்றார் கணவர் சத்தியசீலன்.

"அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேட்கலாமா?"

"கேளேன்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையிலிருந்த பயணச்சீட்டைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லங்க. அப்புறம் சொல்றேன்."

கப்பல் ஏறி ஐந்து நாளாகியும் அந்த 'அப்புறம்' வரவில்லை. படுக்கையில் புரளும்போதெல்லாம் சத்தியசீலனுக்கு அது நினைவுக்கு வந்தது. முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவள் இப்படி ஆரம்பித்து நிறுத்தியது எத்தனை தடவை என்று அவருக்குத் தெரியாது. மளிகைச் சாமானாக இருக்கும், புடவையாக இருக்கும் என்று விட்டுவிடுவார்.

நெய்தல் கப்பலில் கடிகாரம் கிடையாது. தூத்துக்குடியில் ஏறும்போதே கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் வாங்கிப் பெட்டியில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். பதிலுக்கு ஆளுக்கொரு உள்மணி. உளுந்தம்பருப்பு அளவில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மணி அடிக்காது, பேசாது. பசி எடுப்பது நமக்கே தெரிகிற மாதிரி, மணி ஆறு என்பது உடம்புக்குத் தெரியும். கண் தானாகத் திறக்கும். கப்பல் மேற்கே போகப் போகப் பகல் தினமும் கால் மணி நீளும் அல்லவா, அந்தக் கால் மணியையும் உள்மணி நாள் முழுக்கத் தூவிக் கரைத்துவிடும். தலைவலி இல்லை, தூக்கம் கெடுவதில்லை. பயணிகளை எழுப்பும் அறிவிப்பும் கிடையாது. 'உங்களை யாரும் எழுப்பாத கப்பல்' என்பதுதான் விளம்பரமே. பணிப்பெண்ணிலிருந்து கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லார் காதிலும் அதே உளுந்துதான்.

ஆனால் உள்மணிக்கு ஒரு பழக்கம் உண்டு. போட்டவரின் உடம்பு எப்படிக் கேட்கிறது என்று பார்த்து, அதற்கேற்பத் தன்னை இழைத்துக்கொள்ளும். சத்தியசீலனின் உடம்பில் அது மாட்டிக்கொண்டு முழித்தது அங்கேதான்.

அவர் பாளையங்கோட்டைக்காரர். வேலை பார்த்ததெல்லாம் பேருந்து நிலையத்தில், டைம் கீப்பராக. அவர் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். ஒரு நிமிடம் முந்தாது, பிந்தாது. அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மட்டும் மூன்று தடவை எழுப்பாமல் எழுந்ததில்லை. முதலில் குரல், அடுத்தது ஜன்னல் திரை, கடைசியில் மின்விசிறியை நிறுத்துவது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான தேன்மொழி இதற்கும் ஒரு கணக்குப் போட்டாள். வீட்டுக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் வேகமாக வைத்தாள். அவர் மனதுக்குள் ஐந்தைக் கழித்துக்கொண்டு தூங்கினார். பத்தாக்கினாள், பத்தைக் கழித்தார். இப்போது இருபதில் வந்து நிற்கிறது.

கப்பலில் முதல் நாள் காலை உள்மணி ஆறு மணி என்றது. 'இருபது நிமிஷம் வேகமா இருக்கும்' என்று அவர் திரும்பிப் படுத்தார். அது கவனித்துக்கொண்டது. இந்த ஆளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்போல. மறுநாள் ஐந்து நாற்பதுக்கே ஆறு என்றது. எழுந்து போனால் சாப்பாட்டுக் கூடம் பூட்டிக் கிடந்தது. 'அதானே பார்த்தேன்' என்று மூன்றாம் நாள் நாற்பதைக் கழித்தார். அது இன்னும் முந்தியது. ஐந்தாம் நாளில் அவரும் உள்மணியும் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

தேன்மொழியின் கதை வேறு. நான்கு நாளும் உள்மணி தொடும் முன்பே அவள் விழித்துவிட்டாள். நாலாம் நாள் முகம் பார்க்கும் கண்ணாடியில் எழுத்து வந்தது: 'நீங்களாகவே எழுகிறீர்கள். இனி உங்களுக்குத் தூண்டல் தேவையில்லை.' பரிசு வாங்கிய பிள்ளை போல அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஐந்தாம் நாள், என்ன தோன்றியதோ, அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் தூங்கி இப்படிப் பார்த்ததில்லையே என்று அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. தொந்தரவு செய்யாமல் நகர்ந்துவிட்டார்.

ஆறாம் நாள்தான் அவர்கள் இந்தப் பயணத்துக்கே கிளம்பிய காரணம். சீஷெல்ஸ் தீவுகளுக்கு இப்பால் கடலில் ஒரு மிதவை நிலையம். மகள் யாழிசை அங்கே இருந்தாள். அன்று காலை கடலடி ஆய்வுக்கூடத்துக்கு இறங்குகிறாள், பதினான்கு மாதத்துக்கு. பார்த்து ஏற்கெனவே இரண்டு வருடம். ஐந்தே முக்காலுக்கு நெய்தலிலிருந்து படகு கிளம்பும், அங்கே நாற்பது நிமிடம் இருக்கலாம். படகு யாருக்காகவும் நிற்காது.

அன்று சத்தியசீலனுக்குக் கண் திறந்தது. மணி ஆறு என்றது உடம்பு.

படகு போயிருக்கும். உடனே பழைய மூளை சொன்னது: கழி. எவ்வளவு கழிக்க? இருபதா? அறுபதா? நூறா? அறைக்கு ஜன்னல் இல்லை. பக்கத்தில் தேன்மொழி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளே எழுந்திருக்கவில்லை என்றால் இன்னும் நேரமிருக்கிறது என்று ஒரு கணம் ஆறுதல்பட்டார். அடுத்த கணம் கண்ணாடியில் வந்த எழுத்து நினைவுக்கு வந்தது. அவளை எழுப்ப இந்தக் கப்பலில் எதுவும் இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார். "ஆறு மாதிரி இருக்கு சார்," என்றாள் அவள். ஊர் கேட்டார். கோவில்பட்டி என்றாள். அந்தப் பக்கமும் வீட்டுக்கு வீடு கடிகாரம் வேகமாகத்தான் ஓடும்; அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

ரொட்டி வேகும் வாசனை வந்தது. மாவுக்குக் காது கிடையாதே! அது நேரத்துக்குத்தான் பொங்கும், நேரத்துக்குத்தான் வேகும். அப்படியென்றால் சமையற்கட்டில் கடிகாரம் இருந்தே ஆக வேண்டும்.

இருந்தது. அடுப்புக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்கோடு, வட்டமாக. ஐந்து நாற்பத்தேழு.

இரண்டு நிமிடத்தில் மகளைத் தவறவிட்டாயிற்று.

"என்ன அண்ணாச்சி, இந்நேரத்துல? காப்பி வேணுமா?" என்றார் தட்டோடு திரும்பிய சமையல்காரர். சட்டையில் எபனேசர் என்று எழுதியிருந்தது.

அந்த 'அண்ணாச்சி' சத்தியசீலனின் காதில் விழுந்ததும் மூளை விழித்துக்கொண்டது.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"நாசரேத்து. ஏன் கேக்கிய?"

"இந்தக் கடிகாரத்தை மாட்டினது நீங்கதானா?"

"பின்ன? பதினோரு வருசமா எங்கூடத்தான் இருக்கு."

"எத்தனை நிமிஷம் வேகம்?"

எபனேசர் தட்டைக் கீழே வைத்தார். பிடிபட்ட திருடன் போலீஸைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இது எனக்கு மட்டும்தானே தெரியும். எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"எத்தனை, சொல்லுங்க!"

"பதினஞ்சு. பயலுவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அடுப்பு பத்தவைக்க ஆடி அசைஞ்சு வருவானுவ."

ஐந்து முப்பத்திரண்டு. பதின்மூன்று நிமிடம். வாழ்க்கை முழுக்கத் தூங்குவதற்காகச் செய்த கழித்தல் கணக்கு முதன்முறையாக ஓடுவதற்குப் பயன்பட்டது.

அறைக்கு வந்து நின்றபோதுதான் தெரிந்தது, அவருக்கு ஆளை எழுப்பத் தெரியாது. யாரையும் எழுப்பியதே இல்லை. வாயைத் திறந்தார், ஆனால் என்னவென்று கூப்பிடுவது? நிறுத்துவதற்கு மின்விசிறி இல்லை, இழுப்பதற்குத் திரை இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். கையை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"தேனு... தேனும்மா. எழுந்திரு. யாழியைப் பார்க்கப் போகணும்."

அவள் துள்ளி எழவில்லை. மெதுவாகக் கண் திறந்து, அவர் முகத்தையே பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளோ எங்கும் போக வேண்டியதில்லை என்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு இருக்கு?"

"பத்து நிமிஷம்."

"நிஜ நிமிஷமா, நம்ம வீட்டு நிமிஷமா?"

"நிஜம்! சத்தியமா நிஜம்!"

அப்போதுதான் துள்ளி எழுந்தாள்.

படகு பாதி காலியாகப் போனது. முப்பத்தெட்டுப் பேர் பதிந்திருந்தார்கள், இருபத்திரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். மிதவைத் தளத்தில் யாழிசை நீல உடையில் நின்றாள். அம்மாவின் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாவம் அம்மா. உங்களை எழுப்பி இழுத்துட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆகியிருக்கும்."

"அவர்தான்டி என்னை எழுப்பினாரு."

"யாரு?"

"உங்கப்பா."

யாழிசை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கீழ போகாம இருந்துடலாமா? மேல என்னென்னவோ நடக்குது," என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்தபடியே தேன்மொழி அழுதாள். நாற்பது நிமிடமும் அவள் மகளின் விரலை விடவில்லை. மகள் இறங்கிப் போன பிறகும் கடல் அமைதியாக இருந்தது. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது, பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி.

திரும்பி வந்ததும் உள்மணிப் பொறுப்பாளர் ஷெரின் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினாள். மலையாளம் கலந்த தமிழில் மன்னிப்புக் கேட்டாள். படகைத் தவறவிட்ட பதினாறு பேர் காலையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"எல்லாருடைய பதிவும் பார்த்தேன் சார். யாருடைய கருவியும் பழுது இல்லை. பதினாறு பேர் வீட்டிலும் கடிகாரம் வேகமாக வைப்பாங்களாம். உள்மணி உடம்பை நம்பும். ஆனா உங்க உடம்பு மணியை நம்பறதில்லை. அதனால அதுவும் பொய் சொல்லப் படிச்சிடுச்சு; அவங்க இன்னும் கழிச்சுட்டுத் தூங்கிட்டாங்க." திரையைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. "உங்களுடையதுதான் சாம்பியன் சார். உங்களுக்கு ஆறு மணின்னு தோணினப்ப நிஜத்துல அஞ்சு இருபத்தாறு. அது இருபத்தாறுக்கு எப்படி வந்துச்சுன்னு இன்னும் எங்களுக்குப் புரியலை."

"சமையற்கட்டு நாசரேத்துக்காரரைக் கேளுங்க, இந்தக் கணக்கு அவருக்குத்தான் புரியும்," என்றார் சத்தியசீலன்.

"ரெண்டு பேருக்கும் புதுசா இழைச்சுத் தரேன். மேடம், உங்களுக்கு இனிமே தூண்டல் கண்டிப்பா வரும். நாளைக்கு எத்தனை மணிக்கு எழணும்?"

தேன்மொழி காதுக்குப் பின்னால் கையை விட்டு அந்த உளுந்தை எடுத்தாள். மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்மா."

"ஏன் மேடம்? அப்புறம் யார் எழுப்புவாங்க?"

தேன்மொழி கணவர் பக்கம் திரும்பினாள். வீட்டில் பயணச்சீட்டைப் பார்த்த அதே பார்வை. ஆனால் இந்தத் தடவை பார்வை சுவருக்குப் போகவில்லை.

"கேட்கணும் கேட்கணும்னு முப்பத்து நாலு வருஷமா இருந்துச்சுங்க. கேட்டா, 'நீதான் முன்னாடியே எழுந்துடுறியே'ன்னு சொல்லுவீங்க. அதுவும் நிஜம்தானே. அதனாலயே வாய் வரல." அவள் குரல் தாழ்ந்தது. "தினமும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மட்டும் போதும். நான் தூங்குறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து, இன்னிக்குக் கை வச்ச மாதிரி வச்சு, பேரைச் சொல்லி என்னை எழுப்புறீங்களா?"