நிதானி வாசிக்காத எச்சரிக்கை

தாழைக்குடியில் பல் துலக்குவதற்கு முன்னால் மூச்சுவிடச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். காலையில் கண் திறந்ததும் பார்வைக்குள் ஒரு பெட்டி வந்து நிற்கும். குடியிருப்பின் காற்றைச் சுவாசிப்பதால் வரக்கூடிய விளைவுகள் இன்னின்ன என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்களை நீட்டும். இடக்கண்ணைச் சிமிட்டினால் ஆம், வலக்கண்ணைச் சிமிட்டினால் இல்லை. வலக்கண்ணைச் சிமிட்டினால் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவரும் சிமிட்டிப் பார்த்ததில்லை. எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் இடக்கண்ணை மூடித் திறந்துவிட்டுப் புரண்டு படுத்தார்கள். குழாயைத் திறந்தால் இன்னொரு பெட்டி வரும். வாசற்கதவைத் தொட்டால் வேறொன்று வரும். அம்மா என்று சொல்லப் பழகுவதற்கு முன்பே தங்கள் குழந்தை இடக்கண்ணைச் சிமிட்டிவிட்டதாகப் பெற்றோர் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

செவ்வாய்க் கோளில் ஒரு பெரும் பள்ளத்துக்குள் கூரை போட்டு அமைத்த ஊர் அது. முதலில் போய் இறங்கியவர்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் என்பதால் தாழைக்குடி என்று பெயர் வைத்தார்கள். அங்கே தாழையும் இல்லை, கடலும் இல்லை. பெயர் வைக்கும்போது மட்டும் எந்தப் பெட்டியும் குறுக்கே வராததால் மனம்போல வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஊரின் உயிர் ஒரு மேசைக்கணினியில் இருந்தது. யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற குடிப்பதிவு அதற்குள் இருந்தது. ஓர் ஆளுக்கு ஒரு வரி, காற்று எத்தனை பேருக்குப் போதுமோ அத்தனை இடங்கள்தான். வரி இருந்தால் கதவு திறக்கும், காற்று கிடைக்கும். வரி இல்லையென்றால் ஆள் எதிரே நின்று கத்தினாலும் கதவுக்கு அவர் யாரோ. இவ்வளவு முக்கியமான சங்கதியை வெளியாள் யாரும் வலை வழியாகப் புகுந்து கெடுத்துவிடக் கூடாது என்று கணினியை எந்த வலையிலும் சேர்க்கவில்லை. கதவுகளுக்கு மட்டும் ஒரு கம்பி போனது. ஊருக்குள் வைத்தால்கூட ஆபத்து என்று யாரோ சொல்ல, உள்வாசலுக்கு வெளியே, கப்பல் துறையை ஒட்டி ஒரு தனி அறை கட்டி அதில் வைத்தார்கள். பாதுகாப்பு என்று ஆரம்பித்துவிட்டால் மனிதனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

குடிப்பதிவைக் கட்டியவனும் காப்பவனும் இருதயராஜ். கோப்பைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை ஒன்று தோன்றி, இதிலுள்ள சில பகுதிகள் ஆபத்தானவையாக இருக்கலாம் என்று சொல்லும். அந்தப் பகுதிகளை எழுதியவனே அவன்தான். ஆம் என்று அமுக்குவான். ஒரு வரியைச் சேர்க்கப் போகிறாய், தொடரவா? ஆம். ஒரு வரியை மாற்றப் போகிறாய், மாற்றியபின் திரும்பப் பெற முடியாது, தொடரவா? ஆம். விரல் தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருக்கும், மனது பூமியில் விட்டுவந்த அமலியிடம் போய்விடும். அவளை ஏழு மாதக் கர்ப்பிணியாக விட்டுவிட்டு முதல் கப்பலில் கிளம்பி வந்தவன் அவன். மகளைத் திரையில்தான் பார்த்திருக்கிறான்.

ஒரு கட்டத்தில் இந்த நச்சரிப்பு தாங்காமல், இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதை அவனும் செய்தான். பல பேரை ஒரேயடியாகப் பதிவில் ஏற்ற எழுதிவைத்த கட்டளையின் தொடக்கத்தில் 'எச்சரிக்கை அணை' என்று ஒரு வரி, முடிவில் 'எச்சரிக்கை போடு' என்று ஒரு வரி. இடையில் கணினி வாயைத் திறக்காது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கட்டளை பாதியில் இடறி நின்றது. முடிவிலிருந்த வரிக்கு அது போய்ச் சேரவே இல்லை. கணினி அன்று முழுவதும் ஊமையாக இருந்தது. அந்த ஊமைத்தனத்தில் ஒரு தெருவே குடிப்பதிவிலிருந்து காணாமல் போய், காய்கறிக் கூடத்திலிருந்து திரும்பியவர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே அந்நியர்களாக நின்றார்கள். இருதயராஜ் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து எல்லாரையும் திரும்ப ஏற்றினான்.

செய்தி பூமித் தலைமையகத்துக்குப் போனது. அவர்கள் அடுத்த சரக்குக் கப்பலில் நிதானியை அனுப்பிவைத்தார்கள்.

நிதானி ஓர் எந்திரன். இடுப்பளவு உயரம், மென்மையான குரல். அதற்கு ஒரே வேலை, எச்சரிக்கைகளை வாசிப்பது. குடிப்பதிவில் எந்தப் பெட்டி தோன்றினாலும் அதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை உரக்க வாசிக்கும். பிறகு, "புரிந்ததா?" என்று கேட்கும். புரிந்தது என்றால் போதாது, புரிந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் பொத்தான் அமுங்கும். பதிவில் கைவைக்கும் உரிமை நிதானிக்குக் கிடையாது. அதைக் கொடுப்பது பாதுகாப்பில்லை என்று தலைமையகம் கருதியது.

அமலியும் மகளும் வரும் கப்பல் அன்று தாழைக்குடிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. பயணிகள் எல்லாரையும் குடிப்பதிவில் ஏற்றினால்தான் இறங்க அனுமதி. எரிபொருள் ஒரு மட்டத்துக்குக் கீழே போவதற்குள் அனுமதி வராவிட்டால் கப்பல் அப்படியே பூமிக்குத் திரும்பிவிடும். அடுத்த பயணிகள் கப்பல் இரண்டு வருடம் கழித்துத்தான். இருதயராஜ் காலையிலிருந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். பாதிப் பேர்கூட ஏறவில்லை.

"இந்தக் கோப்பு நம்பகமான இடத்தில் வைக்கப்படவில்லை," என்று நிதானி வாசித்தது. "நம்பகமற்ற இடத்திலுள்ள கோப்புகள் உங்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். புரிந்ததா?"

"புரிஞ்சிது. இந்த மேசை நம்பகமில்லாத மேசை."

"மேசை அல்ல, இடம்."

"இடம், இடம். அமுக்கவா?"

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் கப்பல் துறையைக் கவனிக்கும் பாக்கியத்தாயின் குரல் வந்தது. "அண்ணாச்சி, மேல சுத்திக்கிட்டே நிக்குதாங்க. இன்னும் எவ்ளோ நேரம்?"

"நான் என்ன செய்ய பாக்கியம், இது வாசிச்சுக்கிட்டு இருக்கு."

"எதை வாசிக்கு?"

"எச்சரிக்கையை."

 பாக்கியத்தாய்க்கு உண்மையாகவே விளங்கவில்லை. "எதுக்கு?" என்றாள்.

 இருதயராஜ் அடுத்த பயணியின் பெயரை ஏற்றினான். பெட்டி வந்தது. நிதானி வாசித்தது. அவன் காலை ஆட்டினான், நகத்தைக் கடித்தான், எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தான். நிதானி அவன் வந்து உட்காரும்வரை காத்திருந்து, கவனம் சிதறியிருக்கலாம் என்பதால் மறுபடி முதலிலிருந்து வாசித்தது.

கப்பலிலிருந்து அமலி கூப்பிட்டாள். திரையில் அவள் முகம் வெளிறியிருந்தது. "ஏங்க, எங்களை இறக்குவாங்களா, மாட்டாங்களா? திருப்பிக் கொண்டுபோயிருவாங்கன்னு எல்லாரும் ஒருமாதிரி பேசுதாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் இருக்கேம்லா."

"பியூலாவுக்குக் கப்பல்ல வச்சே மூணு முடிஞ்சிட்டு. கேக்குக்குப் பதிலா பிஸ்கட்டைத்தான் வெட்டினோம். அப்பா எங்க, அப்பா எங்கன்னு உசிரை எடுக்கா. என்ன சொல்ல அவகிட்ட?"

"வாசல்ல நிப்பேன்னு சொல்லு."

"நெசமாவா?"

"ஓடி வந்து தூக்கிக்கிடுவேன்னு சொல்லு, அமலி."

திரை அணைந்தது. உடனே பாக்கியத்தாயின் குரல் வந்தது. "அண்ணாச்சி, கப்பல்காரங்க திரும்பிப் போகக் கணக்குப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப இல்லன்னா இல்லதான்."

 மூன்று வருடமாகக் காத்திருந்தது இந்தப் பொம்மையின் வாயில் மாட்டிக்கொண்டு கைநழுவப் போகிறது என்று இருதயராஜுக்குக் கோபம் கோபமாக வந்தது. விசைப்பலகையை இழுத்து மீதிப் பயணிகள் எல்லாரையும் ஒரே கட்டளையில் சேர்த்தான். அமலிக்கென்று மனுப்போட்டு வாங்கியிருந்த இடத்தில் அவள் பெயரை எழுதினான். அதற்குக் கீழே பியூலாவின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே 'எச்சரிக்கை அணை' என்று அடித்தான்.

கணினி அதற்கும் ஒரு பெட்டியைக் காட்டியது.

"எச்சரிக்கைகளை அணைக்கப் போகிறீர்கள்," என்று நிதானி வாசித்தது. "இனி நிகழும் மாற்றங்கள் உங்களுக்குத் தெரிவிக்கப்படமாட்டா. அவற்றின் விளைவுகளுக்கு நீங்களே பொறுப்பு. புரிந்ததா?"

"புரிஞ்சிது. நான் பண்ணுறதுக்கு நாந்தான் பொறுப்பு. உனக்கு இனி வேலை இல்ல."

"சரியாகச் சொன்னீர்கள்," என்றது நிதானி.

பொத்தான் அமுங்கியது. திரையில் ஒன்றும் தோன்றவில்லை. வாசிக்க ஏதுமில்லாத நிதானி கைகளை மடித்துக்கொண்டு ஓரமாக நின்றது. கண்மூடித் திறப்பதற்குள் 'முடிந்தது' என்று கணினி சொன்னது. மேலே சுற்றிக்கொண்டிருந்த கப்பலுக்குப் பாக்கியத்தாய் மூலம் அனுமதி போனது. இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்து, பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

கப்பல் இறங்கி, பயணிகள் வரிசையாக அவன் அறையைக் கடந்து உள்வாசலை நோக்கிப் போனார்கள். அவன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் கூட்டம் முட்டி மோதி உள்ளே போய்விட்டது. மாதக்கணக்கில் டப்பாவுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு எந்தக் கதவு திறந்தாலும் ஓடத்தான் தோன்றும். கடைசியாக அமலி, தோளில் ஒரு பையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக வாசலைத் தாண்டினாள். கதவு அவளுக்குத் திறந்தது, பியூலாவுக்கும் திறந்தது. இருதயராஜ் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மூடியது.

அவன் கையை வைத்தான். "வணக்கம்," என்றது கதவு. "உங்களைத் தெரியவில்லை."

துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். கதவுக்கு மறுபடியும் தெரியவில்லை.

திரும்பி அறைக்கு ஓடினான். கணினி அவனிடம் கடவுச்சொல் கேட்டது. சொன்னான். அப்படிப்பட்ட பயனர் யாரும் இல்லை என்றது. "ஏ நிதானி, என்ன நடந்துது இங்க?"

"கணினி தான் செய்ததைக் குறித்து வைத்திருக்கிறது. வாசிக்கட்டுமா?"

"வாசி, சீக்கிரம் வாசி."

நிதானி தன் வழக்கமான வேகத்திலேயே வாசித்தது. "மூன்று வயது நிரம்பாத குழந்தை தாயின் இடத்திலேயே மூச்சுவிடலாம். பியூலாவுக்கு மூன்று வயது நிரம்பிவிட்டதால் தனி இடம் தேவைப்பட்டது. காலி இடம் இல்லை. இடம் இல்லாதபோது பதிவிலுள்ள மிகப் பழைய வரி, உரிய எச்சரிக்கைக்குப் பிறகு நீக்கப்படும். எச்சரிக்கைகள் அணைக்கப்பட்டிருந்ததால் நேரடியாக நீக்கப்பட்டது. வரி எண் ஒன்று. பெயர், இருதயராஜ்."

புதிதாக ஒரு பதிவைக் கட்டுகிறவன், அது வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் வரியில் தன் பெயரைத்தான் போட்டுப் பார்ப்பான். இருதயராஜும் அதைத்தான் செய்திருந்தான். பழைய வரி போகட்டும் என்ற விதியை எழுதியவனும் அவன்தான். பழைய வரி என்றால் ஊரைவிட்டுப் போனவர்களுடையதாக இருக்கும், அப்படி இல்லாவிட்டாலும் எச்சரிக்கைதான் வரப்போகிறதே என்று அன்று நினைத்திருந்தான்.

"என்னைத் திரும்ப ஏத்து."

"எனக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே இருக்கிறது."

இருதயராஜ் மறுபடி உள்வாசலுக்கு ஓடினான். நிதானி பின்னால் உருண்டு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம், கைக்கெட்டும் தூரத்தில், அமலி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வரவேற்க வந்திருந்த கூட்டத்தில் அவனைத் தேடி எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினான். காற்றே புகாத கண்ணாடிக்குள் சத்தம் எப்படிப் போகும்? பியூலா மட்டும் அம்மாவின் தோளுக்கு மேலே அவனைப் பார்த்தது. யாரோ ஒரு மாமா கதவைத் தட்டுகிறார் என்று வேடிக்கை பார்த்தது.

அப்போது கதவில் ஒரு பெட்டி ஒளிர்ந்தது. புதிதாக வருகிறவர்களின் கண்ணில் இன்னும் கருவி பொருத்தியிருக்கவில்லை என்பதால் அவர்களுக்கான பெட்டிகள் கண்ணாடியிலேயே வரும். 'டிங்' என்று உள்ளே மணி அடித்திருக்க வேண்டும். அமலி பாதி திரும்பினாள். அவள் வழிநெடுக இப்படி எத்தனையோ பெட்டிகளைப் பார்த்துவிட்டாள். கப்பலில் சோற்றுக்கு ஒரு பெட்டி, தூக்கத்துக்கு ஒரு பெட்டி, மகளைக் குளிப்பாட்ட ஒரு பெட்டி.

எழுத்துகள் இருதயராஜுக்கு இடவலம் மாறித் தெரிந்தன. "என்ன போட்டிருக்கு? வாசி," என்றான். 

"கதவுக்கு வெளியே நிற்பவரைக் குடிப்பதிவு அடையாளம் காணவில்லை," என்று நிதானி வாசிக்கத் தொடங்கியது. "வந்த கப்பலிலேயே அவர் பூமிக்குத் திருப்பி அனுப்பப்படுவார்."

"அமலி, என்னைப் பாரு. பொத்தானைப் பாக்காத, என்னைப் பாரு."

அமலி குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, மறுபடி கூட்டத்தையே பார்த்தபடி, கையைப் பின்னால் நீட்டி 'ஆம்' என்பதை அமுக்கினாள். கதவு தெளிவிழந்து வெள்ளைச் சுவராக மாறியது.

எழுத்துகள் மறைந்துவிட்டாலும், ஒருமுறை பார்த்துவிட்ட வாசகத்தைப் பாதியில் விட்டு நிதானிக்குப் பழக்கமில்லை. "அவர் உங்கள் உறவினராகவோ, உங்களை அழைத்துப்போக வந்தவராகவோ இருந்தால் 'இல்லை' என்பதை அழுத்துங்கள். அழுத்தும் முன் ஒருமுறை திரும்பி அவர் முகத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இந்தச் செயலைத் திரும்பப் பெற முடியாது," என்று வாசித்து முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டது. இருதயராஜ் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஓர் எச்சரிக்கையைக் கடைசிச் சொல் வரை காதுகொடுத்துக் கேட்டிருந்தான்.