சீவிக் கொடுத்த இளநீர்

ஆறு கிடையாது, மலை கிடையாது, நெல் விளைய ஒரு துண்டு வயல்கூடக் கிடையாது. பழந்தீவு என்று சோழநாட்டு மாலுமிகள் பெயரிட்டு அழைத்த அந்த நாட்டில் மண் கொஞ்சம், கடல் அதிகம். பவழப் பாறைகள் வளையம் வளையமாக எழுந்து நின்று பெருங்கடலின் சீற்றத்தை வெளியே தடுத்து நிறுத்த, உள்ளே பச்சைக் குளம்போல் அடங்கிக் கிடந்த கழியில் தென்னை மூடிய தீவுகள் மிதந்தன. மாலை மங்கி, வளர்பிறை நிலவு கீற்றுகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் இந்த வேளையில், அன்பார்ந்த வாசகர்களே, அந்நாட்டின் தலைநகரான பெருந்தீவின் கரைக்கு வந்திருக்கிறோம். நிலவின் குளுமையை நீங்கள் அனுபவியுங்கள். கரையில் கைகட்டி நின்ற கலபதி வெண்காடனுக்கு அது நெருப்பாகச் சுட்டது.

நாகப்பட்டினத்தில் பிறந்த வெண்காடன், தீவை வென்ற சோழர் கடற்படையோடு வந்து, அங்கேயே காவல் தலைவனாகத் தங்கிவிட்டவன். வாளுக்கு அஞ்சாத அந்த வீரன் ஒருத்தியின் புன்னகைக்கு மட்டும் அடிமைப்பட்டிருந்தான். அவள் தீவின் இளவரசி உற்பலாதேவி. தோற்ற மன்னர் தஞ்சைச் சிறையில் மாண்டார். அவருடைய ஒரே மகன் சிரிமேகன் தப்பியோடும்போது கடலில் மூழ்கிப்போனான் என்று தஞ்சைக்குச் செய்தி சொல்லி அனுப்பியவனே, அவன் முகத்தை ஒருபோதும் கண்டிராத வெண்காடன்தான். எஞ்சியிருந்தவள் உற்பலை ஒருத்தி.

அன்று மாலை, பாய் கிழிந்த கலம் ஒன்று தள்ளாடிக்கொண்டு கழிக்குள் நுழைந்தது. அயல் கலம் வந்தால் தீவு மக்கள் வெற்றிலையும் இளநீரும் ஏந்திச் சிறு படகுகளில் எதிர்கொண்டு போவார்கள். வந்தவர் யார் கையிலிருந்து இளநீர் வாங்குகிறாரோ அந்த வீட்டு விருந்தாளி. விருந்தாளியை மன்னனும் தொடக் கூடாது. தீவை வென்ற நாளில் சோழர் தலைவர் அந்த வழக்கத்துக்கு ஆணையிட்டுக் காவல் தந்திருந்தார். ஆனால் புலிக்கொடிக் கப்பல்கள் வந்த அன்று ஒரு குழந்தைகூட இளநீரோடு வரவில்லை. அந்தக் குறை வெண்காடனின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இன்றோ இளவரசியே படகேறிப் போனாள். கலத்தின் விளிம்பில், தாடி மண்டியிருந்தும் அழகு குன்றாத இளைஞன் ஒருவன் நின்றான். அவள் இளநீரைச் சீவினாள், ஒரு வாய் குடித்தாள், பிறகு அவனிடம் நீட்டினாள். கரையில் இருந்த தீவு மக்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்கள்.

அயலானுக்குச் சீவாத முழு இளநீர். சீவி, ஒரு வாய் குடித்துக் கொடுப்பது ஒரே வீட்டாருக்கு மட்டும். இது வெண்காடனுக்குத் தெரியும். வீடு என்று சொல்ல அவளுக்கு ஒருவரும் இல்லையே. அப்படியானால் இவன் யார்? மறைவாக மாலையிட்ட கணவனா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வெண்காடனின் கண்ணுக்கு அந்தத் தாடிக்காரன் மாப்பிள்ளையாகவே தெரிந்தான்.

அடுத்து வந்த நாட்களில் வயிற்றெரிச்சல் அவனைத் தின்றது. அரண்மனைச் சாளரத்தில் அவர்கள் சேர்ந்து சிரிக்கும் ஒலி கேட்டால் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு மாலை பொறுக்க முடியாமல் அவள் முன் போய் நின்றான்.

"தேவியின் விருந்தாளி எப்போது புறப்படுவதாக உத்தேசம்?"

"கலம் பழுதாகிக் கிடக்கிறது. நல்ல படகு கிடைத்தால் இன்றே புறப்படுவார்," என்றாள் உற்பலை, தலை நிமிராமல் வெற்றிலை மடித்துக்கொண்டே. "அவர் இருப்பது கலபதிக்குப் பாரமாக இருக்கிறதோ?"

"பாரமல்ல. பவழ வளையத்தின் பாறைவாயிலைத் தாண்டிப் போக என் சொந்தப் படகையே தருகிறேன். புலிக்கொடி பறக்கும் படகை எவரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள்."

"தங்கள் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்," என்றாள் அவள். அந்தக் குரல் ஏன் நடுங்கியது என்று அவன் யோசிக்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த களிப்பு அவனுக்கு.

பொழுது சாயும் வேளையில் படகு புறப்பட்டது. கரையில் கூடியிருந்த தீவு மக்கள், படகில் நின்ற அந்த இளைஞனை நோக்கி மணலில் மண்டியிட்டார்கள். வழிப்போக்கனுக்கு இந்த மரியாதை எதற்கு? வெண்காடனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே வீட்டார் என்றால் கணவன் மட்டும்தானா?

"சிரிமேகன்," என்றது அவன் வாய்.

"என் அண்ணன்தான்," என்றாள் பக்கத்தில் வந்து நின்ற உற்பலை. "புயல் அவரைச் சொந்த மண்ணிலேயே கொண்டுவந்து தள்ளியது. முதல் நாளே தீவு முழுவதும் அறிந்துகொண்டது. தாங்கள் ஒருவர்தான் அறியவில்லை."

பக்கத்துக் காவல் கோபுரத்தின் மேலிருந்து அதைக் கேட்ட வீரன் சாத்தன் குரல் கொடுத்தான். "தலைவரே, படகு இன்னும் பாறைவாயிலைத் தாண்டவில்லை. தீ மூட்டட்டுமா?"

கோபுரத்தில் தீ எழுந்தால் பாறைவாயில் காவலர்கள் தென்னங்கயிற்று வடத்தைக் குறுக்கே இழுத்துக் கட்டுவார்கள். சிரிமேகன் அகப்படுவான். தஞ்சையில் வெண்காடனுக்குப் பட்டமும் பரிசும் கிடைக்கும். மூட்டாவிட்டால் அவன் தலை தப்பாது.

"என்னைப் பகடைக்காயாக உருட்டினீர்கள், தேவி."

"ஆம். தங்கள் அன்பை நம்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்புக்கும் கடமைக்கும் நடுவில் கடமை வென்றுவிடுமோ என்று பயந்தேன். பொறாமைக்குக் கடமை தெரியாது. அதனால் அதை நம்பினேன்." அவள் இடுப்பில் ஏந்தியிருந்த சீவாத இளநீரை இரு கைகளாலும் நீட்டினாள். "இதை வாங்கினால் தாங்கள் என் விருந்தாளி. சோழர் ஆணையே தங்களைக் காக்கும். வாங்காமல் தீ மூட்டச் சொன்னாலும் தங்கள் மேல் பழி சொல்ல மாட்டேன்."

முதல் நாளிலிருந்து ஏங்கிய இளநீர். வெண்காடன் வாளை உருவினான். அவள் பின்வாங்கவில்லை. ஒரே வீச்சில் இளநீரின் தலையைச் சீவி எறிந்தான்.

"சாத்தா, தீ வேண்டாம். நாளைக் கப்பலில் தஞ்சைக்குப் போ. வெண்காடன் பொறாமையால் ஏமாந்தான் என்று சொல். அறிந்த பிறகும் அவன் தீ மூட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்." மார்பிலிருந்த புலிப் பதக்கத்தைக் கழற்றிக் கோபுரப் படியில் வைத்தான். "விருந்தாளியாக இருக்க எனக்கு விருப்பமில்லை, தேவி. ஒரு வாய் குடித்துக் கொடுங்கள்."

அவள் குடித்தாள். பாறைவாயிலில் புலிக்கொடி ஒரு முறை நிலவொளியில் அசைந்து மறைந்தது. ஈரமான உதட்டைத் துடைக்காமலே அவள் இளநீரை அவனிடம் கொடுத்தாள்.

வெண்காடன் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். பிறகு, கடலைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"உங்கள் அண்ணன் படையோடு திரும்பி வரும் நாளில், சீவிக் கொடுக்கும் முதல் இளநீர் அவருக்கா, எனக்கா?"