தவணைக் குரல்

தூத்துக்குடியில் அந்த வருடங்களில் மறதிக்காரர்களுக்குப் பெரிய மரியாதை இருந்தது. வீட்டில் ஞாபகம் தப்பிய பெரியவர் ஒருவர் இருந்தால் கடன் அட்டையை அவர் பெயரில்தான் வாங்குவார்கள். சலவை இயந்திரம், கல்யாணச் செலவு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அவர் தலையில் ஏறும். சம்பந்தம் பேசுகிற இடத்தில் தரகர் குரலைத் தாழ்த்தி, "அவிய வீட்டுல பெரியவருக்குச் சுத்தமா ஞாபகம் கிடையாதாம்" என்பார். கேட்பவர்கள் திருப்தியோடு தலையாட்டுவார்கள்.

எல்லாம் மறதி நிவாரணச் சட்டம் செய்த வேலை. கெடு தேதியை உண்மையிலேயே மறந்தவரிடம் தாமதக் கட்டணமோ வட்டியோ வாங்கக் கூடாது, அசலை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். தெரிந்தே கட்டாமல் இருந்தவரிடம் மூன்று மடங்கு வசூலிக்கலாம். நல்ல மனதோடு எழுதிய சட்டம்தான். ஆனால் அது வந்த மறு மாதமே நாட்டில் பாதிப் பேருக்கு மறதி வந்துவிட்டது. அதனால் நினைவளவி வந்தது. வலைத்தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிக் கேள்வி கேட்டால், பதில் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று திரையில் காட்டிவிடும். இருந்தால் வெளிச்சம், இல்லாவிட்டால் இருட்டு. வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

அட்டை நிறுவனங்கள் சும்மா இருக்குமா? யாருமே மறக்க முடியாதபடி பார்த்துக்கொள்ளும் வேலையில் இறங்கின. துவரம்பருப்பு அளவில் ஒரு தவணைமணியைச் செய்து, அட்டை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒட்டிவிட்டன. அது பேசுவது ஒட்டிக்கொண்டவருக்கு மட்டும் கேட்கும். முதலில் வெறும் மணியோசை வைத்துப் பார்த்தார்கள். பிறகு பயிற்சி பெற்ற பெண்குரல். மக்கள் அதைத் திட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கடைசியில் எவனோ ஒரு கெட்டிக்காரன் வீட்டுக்குரலைக் கண்டுபிடித்தான். விண்ணப்பம் போடும்போதே, உங்களால் தட்ட முடியாத குரல் யாருடையது என்று கேட்டு, அந்த ஆளைக் கொஞ்ச நேரம் பேசவைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு மணி அதே குரலில் தானாகப் பேசும். சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும், எப்படியும் பேச்சைக் கெடு தேதிக்குக் கொண்டுவந்து, "கட்டிருவோமா?" என்று முடிக்கும். அந்தக் கேள்விக்கு அட்டைதாரர் தன் வாயால் "சரி" என்றால் பணம் போய்விடும், குரலும் அடுத்த மாதம் வரை ஓய்ந்துவிடும். சொல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். அதட்டாது. வர வர இன்னும் கனிவாகப் பேசும்.

ஜெசிந்தா இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தோலுரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். அவளுக்கும் சிறிய அட்டை ஒன்று உண்டு. அதில் அப்பா சவரிமுத்துவின் குரல், அவருக்கு நினைவு நன்றாக இருந்த காலத்தில் பதிந்தது. மாதாமாதம் அது "ஜெசி" என்று கூப்பிட்டதுமே, மேலே பேச விடாமல் "சரிப்பா, சரி" என்று பணத்தை அனுப்பிவிடுவாள். கடனை வைத்துக்கொண்டு தூங்குகிற உடம்பில்லை அவளுக்கு.

அப்பாவின் அட்டை விஷயத்தில் மட்டும் அவள் ஊரோடு ஒத்து வாழ்ந்தாள். அந்த அட்டை அம்மாவின் சிறுநீரகச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியிலேயே வாங்கியது. அப்போதே சவரிமுத்து சட்டையைத் திருப்பிப் போட ஆரம்பித்திருந்தார். குரல் கொடுத்தது லூர்தம்மாள். மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, நிறுவனத்துப் பெண் நீட்டிய கருவியில் தன் கல்யாணக் கதையையும் மீன் விலையையும் பேசிக் கொடுத்தாள். அட்டையில் வாங்கிய மருந்துகள் தீர்வதற்குள் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

துறைமுகத்தில் பளுதூக்கும் கிரேன் ஓட்டிய சவரிமுத்துவுக்கு நல்ல ஓய்வூதியம். கட்டப் பணம் இருந்தது. "சரி" என்று ஒரு வார்த்தைதான் வரவில்லை. ஜெசிந்தா ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். அக்கம்பக்கத்தார்தான் விடு என்றார்கள். தாமதக் கட்டணம் ஏறட்டும், வட்டி குட்டி போடட்டும், மன்றத்தில் தகராறு மனு போட்டால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள், அதுவரை ஓய்வூதியத்தை வேறு செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கணக்குச் சரியாகத்தான் பட்டது. அந்தப் பணத்தில் அப்பாவைப் பகல்நேரக் காப்பகத்தில் சேர்த்தாள். காப்பகம் இருந்ததால் அவள் வேலைக்குப் போக முடிந்தது. நிறுவனம் ஓய்வூதியத்தை முடக்கப்போவதாக அறிவிப்பு அனுப்பியபோதுகூட அவள் பதறவில்லை. பெற்ற மகளையே நர்ஸ் என்று நினைத்து "சிஸ்டர்" என்று கூப்பிடுகிற மனிதரைவிடப் பெரிய சாட்சி எந்த வழக்குக்கு வாய்க்கும்?

அட்டைத் தகராறு மன்றத்தின் நடுவர் ஐம்பது வயதுப் பெண்மணி. நாளெல்லாம் பொய் கேட்டுக் கேட்டுக் களைத்த முகம். நிறுவனத்தின் சார்பில் தினகரன் என்ற இளைஞன் சென்னையிலிருந்து வந்திருந்தான். சவரிமுத்துவின் தலையில் தொப்பியை மாட்டினார்கள். அவர் அதைத் துறைமுகத் தலைக்கவசம் என்று நினைத்தாரோ என்னவோ, தாடைப் பட்டியைத் தானே தேடி இழுத்துக்கொண்டார்.

நடுவர் வரிசையாகக் கேட்டார். இன்று என்ன கிழமை? திரை இருட்டு. எந்த ஊர்? ஓரத்தில் மினுக்கென்று ஒரு புள்ளி, அதுவும் அணைந்தது. மனைவி இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? இருட்டு. சிறுவயதில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை உடுப்பில் கையில் மெழுகுதிரியோடு ஜெசிந்தா நிற்கிற புகைப்படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளை யார் என்று கேட்டார். ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு இருட்டும் வழக்குக்கு லாபம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இதில் மட்டும், தோற்றாலும் பரவாயில்லை, ஒரு புள்ளியாவது எரிந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"அட்டைப் பணம் என்னைக்குக் கட்டணும், ஐயா?" என்று நடுவர் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

திரை முழுவதும் எரிந்தது. மூலைக்கு மூலை வெளிச்சம். தினகரனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"பன்னெண்டாந் தேதி" என்றார் சவரிமுத்து, தெளிவாக. அதோடு நிற்காமல் அசல் எவ்வளவு, அபராதம் எவ்வளவு, இந்த மாதம் வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ரூபாய் சுத்தமாக ஒப்பித்தார்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு ஞாபகம் இருந்தும் ஏன் கட்டல?"

சவரிமுத்து அவரை இரக்கத்தோடு பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போன்ற பார்வை.

"கட்டிட்டா அவ பேச மாட்டாளே, தாயி."

விடிகாலையில் அப்பா சுவரைப் பார்த்துச் சிரித்தபடி முணுமுணுப்பதை ஜெசிந்தா எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். நோய் முற்றுகிறது என்று நினைத்து மருத்துவரிடம் மாத்திரைகூடக் கேட்டிருக்கிறாள். இப்போது தினகரன் மணியின் பேச்சுப் பதிவுகளைத் திரையில் ஓடவிட்டான். என்னங்க, சாப்ட்டியளா. இன்னைக்குச் சீலா மீன் வாங்குனேன், முள்ளு பாத்துத் தின்னுங்க. நம்ம கல்யாணத்தன்னைக்கு மழையில கோயில் வாசல்ல வழுக்கி விழுந்தியளே, நெனப்பிருக்கா. ஒவ்வொரு பேச்சும் கட்டிருவோமா என்று முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: நாளைக்குப் பாப்போம், லூர்து.

இரவல் ஞாபகம்தான். ஆனாலும் அந்தத் தலையில் குடியிருந்தது அது ஒன்றுதான். தன் பெயர், ஊர், மகள், மனைவியின் சாவு எல்லாம் காலி செய்துகொண்டு போன வீட்டில், கடன்காரன் வைத்த குரல் மட்டும் விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று நடுவர் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் தீர்ப்பில் வருத்தத்தை எழுத வரியில்லை. இது மறதி அல்ல, அறிந்த தாமதம். மூன்று மடங்கு. ஓய்வூதியம் முடக்கம். ஒரே ஒரு சலுகை தர முடியும்: இந்த விசாரணை முடிவதற்குள் அவர் தன் வாயால் சம்மதித்துவிட்டால் அசலும் ஒற்றை வட்டியும் போதும், நிறுவனம் கணக்கை மூடிக்கொள்ளும்.

ஜெசிந்தா நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். தினகரன் தன் கருவியைத் தட்டி மணியை எழுப்பினான். சவரிமுத்துவின் முகம் மாறியதைப் பார்த்தே குரல் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்பா, சரின்னு சொல்லுங்கப்பா. ஒரே ஒரு வார்த்தை."

அவர் காதோரம் கையை வைத்துக்கொண்டு, சற்றுப் பொறு என்பது போல மற்றக் கையை அவளுக்குக் காட்டினார்.

"இதைக் கட்டலேன்னா காப்பகம் இல்லப்பா. நான் வேலைய விடணும். நம்ம சாப்பாட்டுக்கு என்ன வழி? நான் ஜெசி சொல்லுதேன்."

"பேசிக்கிட்டிருக்கா சிஸ்டர். முடிக்கட்டும்" என்றார் மெதுவாக. பிறகு சிரித்தார். புதுமாப்பிள்ளைச் சிரிப்பு. "நாளைக்குப் பாப்போம், லூர்து."

தினகரன் மறுபடி எழுப்பினான். குரல் இன்னும் கனிந்திருக்க வேண்டும், அவர் கண்ணில் நீர் வந்தது. பதில் மட்டும் மாறவில்லை. அந்தக் குரலை நிறுத்திவிட்டாலாவது கட்டுவாரா என்று நடுவர் கேட்டார். பாக்கி இருக்கும்வரை நினைவூட்டியாக வேண்டும் என்பது விதி என்றான் தினகரன். தவிரவும், நிறுத்திவிட்டால் அவர் நிஜமாகவே மறந்துவிடுவார், அப்புறம் நிறுவனத்துக்கு வட்டி கிடைக்காது. யாராலும் தட்ட முடியாத குரலைச் செய்தவர்கள், அதை யாராலும் இழக்கவும் முடியாது என்பதை யோசிக்கவில்லை. நடுவர் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்.

தாழ்வாரத்தில் தினகரன் பின்னாலேயே வந்தான். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சியை எதிர்பார்த்தாள், ஆனால் அது மலர்ந்திருந்தது. தலைமை அலுவலகத்துக்கு இப்போதுதான் எழுதியிருக்கிறான். இதுபோல எத்தனை ஆயிரம் பேர் குரலுக்காகவே கட்டாமல் இருக்கிறார்களோ, இத்தனை நாள் அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்றல்லவா நினைத்தோம் என்றான்.

"கவலைப்படாதீங்க மேடம். கூடிய சீக்கிரம் ஒரு திட்டம் வரும். கடனைக் கட்டி முடிச்சாலும் குரல் தொடரும். மாசம் ஒரு சின்னக் கட்டணம், அவ்வளவுதான். உங்க அப்பாவுக்கு முதல் மாசம் இலவசமாக் கேட்டு வாங்கித் தர்றேன்."

உண்மையான அன்போடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

பேருந்தில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். காப்பகத்துக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இனி இந்த மனிதரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளப் போகிறவள் யாரென்று அவர் அறியாத சிஸ்டர்தான். அவர் வெளியே ஓடுகிற உப்பளங்களைப் பார்த்து யாரிடமோ தலையாட்டிக்கொண்டு வந்தார். நிறைவான முகம். அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. செத்துப்போன அம்மா மேல் பொறாமைகூட வந்தது.

அப்போதுதான் அவள் காதுக்குப் பின்னால் மணி விழித்தது.

"ஜெசி." அப்பாவின் பழைய குரல், துறைமுகத்துக் காற்றில் கத்திப் பழகிய கனத்த குரல். "வேல முடிஞ்சிட்டா, மக்கா? தேதி வருதுல்லா. கட்டிருவோமா?"

அவள் கணக்கில் பணம் இருந்தது. "சரி" என்று நாக்கு நுனிவரை வந்தது, பழக்கம். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சற்று இடைவெளி விட்டு, அவள் இதுவரை ஒரு மாதமும் கேட்டிராத கனிவோடு குரல் மறுபடி வந்தது.

"என்ன மக்கா, பேச மாட்டேங்க? அப்பா மேல கோவமா? சின்னப்பிள்ளையில கிரேன்ல ஏத்திக் கப்பல் காட்டுனேனே, நெனப்பிருக்கா? கட்டிருவோமா, ஜெசி?"

ஜன்னலோரம் இருந்த சவரிமுத்து திரும்பி, "ஏன் அழுவுதிய, சிஸ்டர்?" என்று கேட்டார்.

ஜெசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நாளைக்குப் பாப்போம்ப்பா" என்றாள், காதிலிருந்த அப்பாவிடம்.

தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சவரிமுத்து, "சரி" என்றார்.