இடது பக்கத்துக் குரல்

எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்கால், முதுகு எல்லாம் சொன்னபடி கேட்கிறதா? நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள், ஒரு ரிப்பேர்காரன் கதை சொல்கிறேன். எதிலும் செருகாத ஹெட்போனில் யாரோ மூச்சு வாங்குவது அவனுக்குக் கேட்டது. அதுவும் இடது பக்கத்தில் மட்டும்.

பட்டப்பகல்தான். தெருவில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது, பக்கத்துக் கடையில் தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது, உருகிய ஈயத்தின் புகை மூக்கைக் கரித்தது. ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தான். வயர் மேஜைமேல் சும்மா கிடந்தது. மறுபடி மாட்டினான். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் ஒரு கிழவரின் இரைப்பு, வருவதும் போவதுமாக.

அது அவன் அக்காவின் ஹெட்போன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறவர்களிடம் விலாசம் கேட்டு எழுதும் வேலை அவளுக்கு. கூப்பிடுகிறவர் குரல் இடது பக்கம் வரும், டிரைவர் குரல் வலது பக்கம். இடது பக்கம் சத்தம் ஏறி இறங்குகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் தம்பியிடம் கொண்டுவந்தாள். உள்ளே இருக்கும் கம்பி தலைமுடி கனம்தான். அதன்மேல் வார்னிஷ் பூசியிருக்கும், அதைச் சுரண்டிவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். சோம்பேறி அப்படியே வைத்தான். பார்வைக்கு ஒட்டியிருந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்று சீட்டும் எழுதிக் கொடுத்தான்.

அந்த வாரமே ஒரு பெரியவர் கூப்பிட்டார். அக்காவுக்கு விலாசம் பாதிதான் விழுந்தது. வண்டி வேறு தெருவில் சுற்றியது, பெரியவர் உயிர் போய்விட்டது. ஆபீசில் தம்பியின் சீட்டையே எடுத்துக் காட்டி, கருவியில் குற்றமில்லை, உன் கவனத்தில்தான் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளை விசாரணை.

அதற்காகத்தான் காலையில் வந்தாள். ராத்திரி தூங்காத கண்.

"பிரிச்சுப் பாருடா. இதுல கோளாறா, இல்ல எனக்குத்தான் காது மந்தமா? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லு."

"பாத்துச் சொல்றேன்க்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிரித்தான். அவன் வைத்த ஈயம் லேசாகத் தொட்டதும் உதிர்ந்தது. காது மடல் வரை சுட்டது அவனுக்கு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவன் நெஞ்சு குறுகுறுத்ததோடு சரி, கை தன் வேலையைப் பார்த்தது. பழைய ஈயத்தை வழித்துக் குப்பையில் போட்டான். இந்தத் தடவை பொறுமையாக வார்னிஷைச் சுரண்டினான். பழைய தப்புக்குச் சாட்சியே இல்லாமல் சுத்தமாகப் பற்றவைத்தான்.

மூடிக் காதில் மாட்டியதும், இரைப்பு தெளிந்தது. விட்டு விட்டு வரவில்லை. இப்போது வார்த்தைகள்.

"அம்மா... எழுதிக்கிறியாம்மா..."

கழற்றி மேஜையில் வைத்தான். தையல் மெஷின் நின்றுவிட்டது. பஸ் சத்தம் இல்லை. மேஜையிலிருந்தே கேட்டது.

"எழுதிக்கிறியாம்மா..."

கதவு திறந்தது. அக்கா திரும்பி வந்திருந்தாள்.

"என்னடா சொல்லுது?"

ஒரு வார்த்தை போதும், அவள் தலை நிமிரும். "நல்லாத்தான் இருக்குக்கா. கோளாறே இல்ல."

அவள் தலையாட்டினாள். அப்போ தப்பு தன்மேல்தான் என்று, கோபம்கூட இல்லாமல் சொன்னாள். ஹெட்போனை எடுத்தாள். அவன் கை நீட்டினான். அதற்குள் மாட்டிக்கொண்டாள்.

முகம் மாறியது. கை தானாகப் பேனாவைத் தேடியது.

"சொல்லுங்க ஐயா. கேக்குது. இப்போ நல்லா கேக்குது."

பில் புத்தகத்தில் எழுதினாள். தாள் தாளாக, ஒரே விலாசம். புத்தகம் தீர்ந்தது. மேஜையில் எழுதினாள். மேஜை தீர்ந்தது.

"அக்கா, நான்தான். நான் சரியா ஒட்டல. என் தப்புக்கா."

அவள் திரும்பவில்லை. லைனில் ஆள் இருக்கும்போது செய்வதுபோல, ஒரு விரலை உயர்த்தினாள். சற்றுப் பொறு.

பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கி, முன்கையை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவை அழுத்தினாள். வீட்டு எண். தெரு. மை தீர்ந்த பிறகும் எழுத்து சிவப்பாக வந்துகொண்டேயிருந்தது.