எடைமேடையில் நிற்காத எண்

வண்டியின் பின்னால் எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்டியரிங்குக்கு அப்பால் இருந்த சின்னத் திரையில், பச்சை எழுத்தில், 'டிரெய்லர் இணைக்கப்பட்டுள்ளது' என்று வந்து நின்றது.

லோர்னா சாவியை அணைத்துவிட்டு மறுபடி திருப்பினாள். டீசல் என்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. அதே எழுத்து. அவள் இறங்கிப் பின்பக்கம் போனாள். அறுவடை முடிந்த வயல்களின் மேல் காற்று தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிதான், ஆனால் மொன்டானாவின் அக்டோபர் கடைசி வானம் அதற்குள் ஈயத் தகடு போல இறங்கியிருந்தது. டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டில் கிரீஸ் பளபளத்தது. ஒரு தூசி இல்லை. குனிந்து பார்த்தாள். டிரெய்லரின் ஒயர் செருகும் இடமே அங்கே இல்லை. ஒயர்கள் அறுக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, டேப்பும் பழசாகி வெடித்திருந்தது.

"அந்த எழுத்தப் பாக்காதீங்க," என்றார் ஓரின் ட்வைட். வண்டியின் சொந்தக்காரர். லோர்னா வந்ததிலிருந்து அவர் வேலிக் கதவைத் தாண்டி வரவில்லை. சாவியைக்கூடக் கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டுத் தூரத்திலிருந்தே காட்டினார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"நாலு வருஷம். ஒயர அறுத்துப் போட்டேன். அப்பவும் நிக்கல."

"எங்கயாவது எலி கடிச்சிருக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "எலின்னே வெச்சுக்குங்க."

லோர்னாவுக்கும் அவள் கணவன் வெண்டெலுக்கும் ஒன்பது வருடமாக டிரெய்லர்தான் வீடு. கோடையில் ஏதாவது முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்வார்கள், இலையுதிர் காலத்தில் இங்கே பீட் கிழங்கு அறுவடைக்கு வருவார்கள், குளிர் தொடங்குவதற்குள் டெக்சஸின் தெற்கு மூலைக்குப் போய்விடுவார்கள். இந்த வருடம் அறுவடையின் கடைசி வாரத்தில் அவர்களுடைய டிரக்கின் கியர்பெட்டி செத்துவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வெண்டெலின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். குளிரில் வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் லோர்னாவிடம் தனியாகச் சொன்னார். முகாமில் நாளைக் காலை தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள். ராத்திரிக்குள் பனி வரும் என்று வானொலி சொல்லியிருந்தது. டிரக் இல்லாவிட்டால் இருபது டிகிரி உறைபனியில் ஒரு தகரப் பெட்டிக்குள் அவன்.

மூன்று டிரக் பார்த்தாயிற்று. முதலாவதில் அடிச்சட்டம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. இரண்டாவதில் கியர் எண்ணெயை முகர்ந்தபோது தீய்ந்த ரொட்டி வாசனை. மூன்றாவது அழகாக இருந்தது, ஆனால் சின்னது. மலை இறக்கத்தில் அது வீட்டை இழுக்காது, வீடுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகும். இது நான்காவது. லோர்னா டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தாள், எண்ணெய்க் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்தாள், டயரில் அச்சிட்ட வருடத்தைப் படித்தாள். ஒரு குறையும் இல்லை. விலை மற்றதில் பாதி.

"ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்," என்றாள்.

"பாருங்க," என்றார் அவர். பிறகு, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோல, "திருப்பத்துல கொஞ்சம் அகலமா எடுங்க. நான் அப்படித்தான் எடுப்பேன்."

வண்டிக்குள் வலித்தைலம் மணந்தது. மெல்லிய, இனிப்பான, மூக்கின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை. டிரெய்லர் இழுக்கும்போது மட்டும் வெளியே நீட்டிவைக்கும் அகலக் கண்ணாடிகள் இரண்டு பக்கமும் நீண்டே இருந்தன. அவள் பொத்தானை அழுத்தினாள். அவை முனகின, மடங்கவில்லை. சரளைச் சாலையில் கற்கள் சக்கரத்தின் கீழ் நொறுங்கும் சத்தம், ஜன்னல் இடுக்கில் காற்றின் சீட்டி, எங்கேயோ பின்னால், மிகவும் பின்னால், இரும்போடு இரும்பு லேசாக உரசுவது போன்ற இன்னொரு சத்தம், எல்லாவற்றையும் காதில் வாங்கியபடி நெடுஞ்சாலைக்கு வந்து வேகம் எடுத்தாள். என்ஜின் இழுத்தது. ஆனால் காலி வண்டி இழுப்பது போல இல்லை. சந்திப்பில் பிரேக்கை மிதித்தபோது வண்டி உடனே நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பாரம், மெதுவாக, அவள் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து பிறகு நின்றது.

ஒன்பது வருடம் வீட்டை இழுத்தவளுக்கு அந்தத் தள்ளல் தெரியும்.

கண்ணாடியில் பார்த்தாள். காலிச் சாலை.

பீட் நிலையம் அங்கிருந்து இரண்டு மைல். கிழங்கு லாரிகளை நிறுக்கும் எடைமேடை இன்னும் ஒரு நாள் வேலை செய்யும். மேடையைப் பார்த்துக்கொள்ளும் பெர்னிஸ் இந்த ஆறு வாரத்தில் சிநேகிதியாகிவிட்டாள். நீண்ட பயணத்துக்கு முன் எடை போடாமல் கிளம்பக் கூடாது என்பது வெண்டெலின் சட்டம். லோர்னா டிரக்கை மேடையில் ஏற்றி நிறுத்தினாள். கம்பத்திலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடியே, புது மாப்பிள்ள நல்லாத்தான் இருக்கான். ஆனா என்னத்தத் தின்னான்?"

"ஏன், எவ்வளவு காட்டுது?"

"பதிமூணாயிரத்து எண்ணூறு பவுண்டு."

கதவோரம் ஒட்டியிருந்த சீட்டின்படி டிரக் ஏழாயிரத்து அறுநூறு. லோர்னா அதை இரண்டு முறை படித்தாள்.

"பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துட்டு மறுபடி போடு, பெர்னிஸ்."

டிரக்கை மேடையிலிருந்து இறக்கி, சுற்றிக்கொண்டு வந்து மறுபடி ஏற்றினாள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் பெர்னிஸ் எழுந்து நின்று அவளுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"அதே நம்பர்தான். அதுவும் ஆடுது. இருபது ஏறுது, இருபது இறங்குது. போன மாசம் நீங்க வீட்டோட வந்து நின்னப்ப வெண்டெல் உள்ள காப்பி போட்டுக்கிட்டு நடந்தான் பாரு, அந்த மாதிரி." சிரித்தாள். "அடியில சேறு உறைஞ்சிருக்கும். காலையிலேருந்தே இந்த மேட சரியில்ல. நான் சுரண்டிவிடறேன். சாயங்காலம் வீட்டையும் மாட்டிக்கிட்டு வா, சரியாப் பாத்துடலாம்."

சேறு. எலி. லோர்னா இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நம்பும்படிதான் இருந்தது.

திரும்பும்போது வளைவில் தன்னை அறியாமலே அகலமாக எடுத்தாள்.

ஓரின் வேலிக் கதவில் அதே இடத்தில் நின்றிருந்தார். பத்திரத்தைக் கதவின் மேல்கட்டையில் வைத்தே கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடும்போது லோர்னா கேட்டாள், டிரெய்லர் இழுப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று.

"என் வீட்டுக்காரிக்கு முதுகு வலி," என்றார். "இங்க்ரிட். முன்னால உக்காந்து வர முடியாது. டிரெய்லர்லயே படுத்துக்கறேன்னா. கூடாதுன்னு தெரியும். எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ஊர்தானே, முப்பது மைல்தானேன்னு ஏத்திக்கிட்டேன். படுத்துட்டு முன்சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவா. போலாம்னு அர்த்தம்."

லோர்னாவும் வெண்டெலும்கூட அப்படித்தான். மாட்டி முடித்ததும் வெண்டெல் டிரெய்லரின் சுவரில் இரண்டு தட்டு தட்டுவான். அவள் கால் பிரேக்கை விடும். இந்த வாழ்க்கை வாழும் பாதிப் பேர் அப்படித்தான்.

"முப்பது மைல்தானேன்னு அன்னிக்கு, கழண்டா பிடிச்சுக்கற சங்கிலியையும் மாட்டல," என்றார் ஓரின். "ஏத்தத்துல கண்ணாடியப் பாக்கறேன், பின்னால ஒண்ணுமில்ல. சத்தம்கூடக் கேக்கல எனக்கு. டிரெய்லர் பள்ளத்துல கெடந்துச்சு. அவளும்." காற்று பத்திரத்தின் ஓரத்தைத் தூக்கியது. அவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். "வண்டிக்கு மட்டும் யாரும் சொல்லல போல. அது இன்னும் இழுத்துக்கிட்டேதான் இருக்கு."

லோர்னா அந்தத் தாளைப் பார்த்தாள். நாளைக் காலை நிற்கப்போகும் தண்ணீரை நினைத்தாள். படியேறினாலே நீலம் பாயும் வெண்டெலின் உதட்டை நினைத்தாள். தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெண்டெலிடம் சொல்லவில்லை.

முகாமில் அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தான். டிரக்கைச் சுற்றி வந்து டயரை உதைத்தான். "யாரையாவது அடிச்சுப் போட்டுட்டுப் பிடுங்கிட்டு வந்தியா? இந்த விலைக்கு இதா?" உள்ளே தலையை நீட்டினான். "தைலம் தடவிக்கிட்ட கெழவன் வண்டி போல."

முகாமில் கிடந்த தங்கள் பழைய டிரக்கிலிருந்து ஒயர் சாக்கெட்டைக் கழற்றி அவர்களே இதில் பொருத்தினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு லோர்னா டிரக்கைப் பின்னோக்கி எடுத்தாள். வெண்டெல் பின்னால் நின்று கையால் வா, வா என்று காட்டினான். இரும்புக் குண்டு அவர்களுடைய டிரெய்லரின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது திரையில் எழுத்து மாறியது. 'டிரெய்லர் இணைப்பு நீக்கப்பட்டது.' முதல் தடவையாக. டிரக்கின் பின்புறம் இரண்டு அங்குலம் உயர்ந்தது, பாரத்தை இறக்கி வைத்த மாடு போல. அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு கதவு மூடிய சத்தம். முகாமில் பக்கத்து வண்டிக்காரர்களும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மாட்டினார்கள். சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டாள். தானே போட்டாள், இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். விளக்குகளை வெண்டெல் சரிபார்த்தான். இடது சரி, வலது சரி, பிரேக் சரி. எழுத்து மறுபடி வந்தது, இந்த முறை நியாயமாக.

"நான் உள்ள படுத்துக்கறேனே," என்றான். "மூச்சு வாங்குது. கொஞ்ச தூரம்தான்."

"முன்னால ஏறு."

"ஒரு மணி நேரம்தான் லோர்னா."

"முன்னால ஏறுன்னு சொன்னேன்."

அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்து ஏறினான்.

சாலையில் டிரக் நன்றாகவே ஓடியது. பாரம் அவள் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த அளவில் இருந்தது. பிரேக் பிடித்தால் நின்றது. இரும்பு உரசும் சத்தம் இல்லை. உள்ளே தைல வாசனைகூட இல்லை. எல்லாம் போய்விட்டது. வெண்டெல் மடியில் காப்பி ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் பனித்துகள்கள் கண்ணாடியில் பட்டு உருகின. ஆயிரத்து அறுநூறு மைல், என்று நினைத்தாள். காலையில் நெப்ராஸ்கா. மூன்றாம் நாள் சட்டையோடு வெளியே உட்காரலாம். நாள் முழுக்க இறுகிக் கிடந்த அவள் தோள் மெதுவாக இறங்கியது.

பீட் நிலையத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். மேடையில் ஏறி நின்றாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றது ஒலிபெருக்கி. "பதினாலாயிரத்து எண்ணூறு. டிரக்கையும் வீட்டையும் கூட்டினா இதான் வரணும். சேறுதான்டி, நான் சொன்னேன்ல."

"சொன்ன," என்றாள் லோர்னா. சிரிப்பு வந்தது. அழுகை போல இருந்தது.

"இரு, சீட்டு எடுத்துடறேன்." கரகரப்பு. "நிக்க மாட்டேங்குது. லோர்னா, உன் மனுஷன உள்ள நடமாடாம உக்காரச் சொல்லு. நம்பர் ஆடுது."

லோர்னா திரும்பினாள்.

வெண்டெல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஃபிளாஸ்க் மடியில். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாலேருந்து முன்னால வருது," என்றது பெர்னிஸின் குரல், சிரித்துக்கொண்டே. "அடி எடுத்து அடி வெக்கிறான். ஆமா, இப்ப நின்னுட்டான். நம்பர் நின்னுடுச்சு. பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது."

டிரக்கின் உள்ளே தைல வாசனை இல்லை. அது எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"லோர்னா," என்றான் வெண்டெல் மிக மெதுவாக. "உள்ள யாரு?"

பிற்பகலிலிருந்து அவளிடம் இருந்த பதில்தான். சொல்லியிருக்க வேண்டிய நேரம் போய்விட்டது. கதவுப் பிடியில் கை வைத்தாள். இறங்க வேண்டும். கழற்ற வேண்டும். வீட்டை. இந்த இடத்திலேயே. இந்தப் பனியில்.

பின்னால் சுவரில் தட்டும் சத்தம்.

ஒன்று.

இரும்புக் குண்டின் வழியாக, சட்டத்தின் வழியாக, ஸ்டியரிங் வரைக்கும் வந்தது.

இரண்டு.

ஒன்பது வருடப் பழக்கம். அவள் நினைப்பதற்கு முன்னால் கால் பிரேக்கை விட்டிருந்தது.

டிரக் மேடையிலிருந்து இறங்கி நகர்ந்தது. பெர்னிஸ் பின்னால் ஏதோ கூப்பிட்டாள். அகலக் கண்ணாடியில் அவர்களுடைய டிரெய்லர், அவள் கையால் தைத்த மஞ்சள் திரை, அந்தத் திரையின் ஓரத்தை விலக்கிப் பிடித்திருந்த நான்கு விரல்கள். விரல்கள் கொஞ்ச நேரம், சாலையைப் பார்ப்பதுபோல, அங்கேயே நின்றன. பிறகு திரையை விட்டன. மடிப்பை ஒருமுறை நீவிச் சரிசெய்தன, நீண்ட தூரம் போகப் படுத்துக்கொள்கிறவள் செய்வதுபோல.